கோவையில் செய்து வாங்கிய இதயப் பம்ப் டெஸ்ட் ரிக்: எட்டு மாத அனுபவம்

எல்வேட், அதாவது பலவீனமான இதயத்துக்குத் துணையாக வைக்கிற ரத்தப் பம்ப்பை மேசை மேல் ஓட்டிப் பார்க்க ஒரு ரிக் தேவைப்பட்டது. வெளிநாட்டு ரெடிமேட் செட்டின் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். கடைசியில் கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்தோம். பட்டறைக்காரர் போர்வெல் பம்ப்புக்கும் மோனோபிளாக்குக்கும் டெஸ்ட் பெஞ்ச் செய்தே முப்பது வருடம் ஓட்டியவர். எட்டு மாதம் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: வேலை சுத்தம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண் எண்ணாக நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் தேவையைச் சொன்னேன்: நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மி.மீ. பாதரச அழுத்தம். அவர் மனதிலேயே கணக்குப் போட்டார், தண்ணீரில் 1.36 மீட்டர் ஹெட், அதாவது தூக்கும் உயரம். "ஏனுங்க தம்பி, இது ஏர்கூலர் மோட்டார் வேலைதானுங்களே?" என்றார். அவர் கணக்கு சரிதான், திரவத்துக்குப் போய்ச் சேரும் பவர் சுமார் 1 வாட்தான். ஆனால் கூலர் மோட்டார் இழுப்பது அசையாத தொட்டியிலிருந்து. எல்வேட் இழுப்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிற அறையிலிருந்து. இன்லெட் பக்கம் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை அன்றைக்கே அழுத்திச் சொல்லாமல் விட்டதில் இரண்டு மாதம் போனது.

ஆறு வாரத்தில் தருகிறேன் என்றவர் பதினொன்றாவது வாரம் அனுப்பினார். பார்சலைப் பிரித்ததும் கண்ணில் பட்டது அக்ரிலிக் வேலை. ஃபிளான்ஜ் முகம் கண்ணாடி மாதிரி, ஓ-ரிங் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டினால் ஒரு இடத்தில்கூடத் தடுக்காது. ரத்தத்துக்குப் பதிலாக ஓட்டும் கிளிசரின் கலவையை நிரப்பி ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போனோம், காலையில் கீழே விரித்திருந்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. கிளிசரின் சிந்திய தரையைத் துடைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, பிரச்சினைகள். இடது ஏட்ரியம், அதாவது இதயத்தின் இடது மேலறைக்குப் பதிலாக நிற்கும் தொட்டியைப் பம்ப்புக்கு 40 செ.மீ. மேலே மாட்டியிருந்தார், பம்ப் பெஞ்சில் தொட்டி உயரமாக இருப்பதுதான் வழக்கம். எங்கள் கலவையில் அது 30 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுகிறது. நிஜ நோயாளிக்கு அந்த அழுத்தம் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். எங்களுக்கு வேண்டியது 10 மி.மீ., அதாவது 12 செ.மீ. உயரம்.

அடுத்தது வால்வு. இதய வால்வு இடத்தில் ஸ்பிரிங் வைத்த பித்தளை என்ஆர்வி (ஒருவழி வால்வு) போட்டிருந்தார், அது திறக்கவே இருபது சொச்சம் மி.மீ. கேட்டது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன நோயாளியைத்தான் அப்போது நாங்கள் மேசை மேல் வைத்திருந்தோம். தட்டு சாய்ந்து திறக்கிற சாய்வட்டு வால்வு இரண்டு கிடைத்து மாற்றிய பிறகுதான் அலைவடிவம் இதயம் மாதிரி ஆனது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் உருவாக்கி 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு இந்த வகைதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது காற்று அறை விஷயத்தில். தமனியின் நெகிழ்வுக்காக, மேல்பகுதியில் காற்று அடைத்த மூடிய உருளை ஒன்று வேண்டும். டிராயிங்கில் 2.5 லிட்டர் கொடுத்திருந்தேன். ஸ்டாண்டில் இடம் பத்தவில்லை என்று 1.5 லிட்டராக்கிவிட்டார், ஒரு போன்கூடச் செய்யவில்லை. சிரிஞ்சால் மெதுவாக ஏற்றி அளந்தால் அது போதும் என்றே தோன்றும், ஏனென்றால் 100 மி.மீ. அழுத்தத்தில் ஒரு மி.மீ.க்கு 1.5 மி.லி. நெகிழ்வு வர ஏறக்குறைய 1.3 லிட்டர் காற்றுதான் கணக்கு. ஆனால் துடிப்பு வேகத்தில் அமுங்கும் காற்றுக்குச் சூட்டை வெளியே விட நேரமிருக்காது, விறைத்துக்கொள்ளும், அதே நெகிழ்வுக்கு 1.8 லிட்டர் வேண்டும். 120/80 வர வேண்டிய இடத்தில் மேல் அழுத்தம் எகிறியது, வயதான இறுகிய தமனி மாதிரி. சொன்னதும் மறுபேச்சில்லாமல் புது உருளை செய்து அனுப்பினார், காசு வாங்கவில்லை. அந்த நேர்மைக்காகத்தான் இந்த ரிவ்யூவை எழுதவே உட்கார்ந்தேன்.

டேட்டா லாகர் வினாடிக்கு 10 தடவைதான் பதிவு செய்தது. போர்வெல்லுக்கு அது தாராளம். ஹார்ட்மேட் 3 என்கிற எல்வேட் பம்ப் இரண்டு வினாடிக்கு ஒருமுறை 0.15 வினாடி வேகத்தைக் குறைத்து, அப்புறம் 0.2 வினாடி கூட்டும். அந்த மாதிரி விஷயத்தை எங்கள் பம்ப்பில் செய்து பார்க்க நினைத்தால் பள்ளத்தில் ஒரு புள்ளியோ இரண்டோதான் விழும். 500 தடவை பதியும் கார்டை நாங்களே வாங்கிப் போட்டோம்.

சூட்டுக்கும் ஏற்பாடு கேட்டு வாங்குங்கள். எடையில் 40 சதவீதக் கிளிசரின் கலவை 20 டிகிரியில் 3.7 சென்டிபாய்ஸ் பிசுபிசுப்பு, ரத்தத்துக்கு நெருக்கம். ஏசி நின்று 30 டிகிரி ஆனால் 2.7-க்கு இறங்கிவிடும், காலையில் எடுத்த பம்ப் கர்வும் (அழுத்தம்-ஓட்டம் வரைபடம்) மதியம் எடுத்ததும் ஒட்டாது. குழாயில் மாட்டும் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம், திரவமோ குழாயோ மாறினால் காட்டும் எண்ணும் மாறும். வாளி, தராசு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறை சரிபார்த்தால் பத்து நிமிட வேலை.

சக்ஷன், அதாவது பம்ப் அதிகமாக இழுத்து இதயச் சுவர் ஒட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்றால் இன்லெட்டில் ஒரு துண்டு மெல்லிய சிலிக்கோன் குழாய் சேருங்கள். அக்ரிலிக் சுருங்காது, இதயச் சுவர் சுருங்கும். பம்ப் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது அந்தக் குழாய் சப்பென்று ஒட்டி, ஓட்டம் ஒரு கணம் நின்று, மறுபடி பிரிந்து ஓடியதை முதல் தடவை பார்த்தபோது லேபில் யாரும் பேசவில்லை. உள்ளே ஒரு மனிதருக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரத்த அணு சிதைவுப் பரிசோதனைக்கு இந்த ரிக் ஆகாது. ஏஎஸ்டிஎம் எஃப்1841 என்ற சோதனைத் தர முறைப்படி அரை லிட்டருக்கும் குறைவான ரத்தத்தை ஆறு மணி நேரம் சின்ன லூப்பில் சுற்றவிட வேண்டும், அதைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

இதயத்தின் வலது பக்கத்துக்கான லூப்பும் இப்போது அவரிடமே கொடுத்திருக்கிறோம். தொட்டி உயரம் 6 செ.மீ., அளவு மாற்றினால் முதலில் போன் என்று டிராயிங்கின் மேலேயே எழுதிவிட்டேன். நேற்று கூப்பிட்டார், "தம்பி, அஞ்சே முக்கால் வருதுங்க, பரவாயில்லீங்களா?" என்று.