இன்டெஞ்சரா, டிபெஞ்சரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலைத் தேடிக் குடும்ப வரலாறு எழுதுகிற நம்மவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. இன்டெஞ்சர் என்றால் ஆளை வேலைக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்; டிபெஞ்சர் என்றால் கம்பெனி தரும் கடன் பத்திரம். ஆங்கிலத்தில் இரண்டின் வாலும் ஒன்று, தலைதான் வேறு.

வேர்
இன்டெஞ்சர்: பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல். அந்தக் காலத்தில் ஒரே தோல் தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் விளிம்புகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போலி.
டிபெஞ்சர்: 'தர வேண்டியிருக்கிறது' என்ற லத்தீன் வினை.

கட்டுப்படுவது யார்
இன்டெஞ்சர்: ஆள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு இப்படித்தான் வந்தார்கள். முதல் ஆண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். அனுமதி இல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனால் தண்டனை. அந்த உழைப்பைக் கடன் பத்திரப் பெயரில் எழுதுவது நம் முன்னோருக்கு அநியாயம்.
டிபெஞ்சர்: கம்பெனி. கடன் வாங்கும், வட்டி கட்டும், தவணையில் திருப்பித் தரும்.

சரி, எதை எங்கே எழுதுவது? கரும்புத் தோட்டம், கப்பல் பட்டியல், கூலி எண் (தொழிலாளிக்குக் கொடுத்த பதிவு எண்) என்றால் இன்டெஞ்சர். முதலீடு, வட்டி என்றால் டிபெஞ்சர். அமெரிக்க நிதி ஆவணங்களில் மட்டும் கவனம்: அங்கே கடன் பத்திரத்தின் நிபந்தனைகளை எழுதிய ஒப்பந்தத்துக்கும் இன்டெஞ்சர் என்றுதான் பெயர்.