சிகாகோவில் வார நாள் பேஸ்பால்: ரிக்லியா, 35ஆம் தெருவா?

சிகாகோவில் இரண்டு பேஸ்பால் அணிகள். வடக்கே ரிக்லி ஃபீல்டில் கப்ஸ், தெற்கே ரேட் ஃபீல்டில் ஒயிட் சாக்ஸ். இரண்டு மைதானத்துக்கும் ஒரே ரெட் லைன் ரயில்தான். கப்ஸுக்கு அடிசனில் இறங்கவேண்டும், சாக்ஸுக்கு சாக்ஸ்-35இல். இறங்கியதும் மைதானம் கண்ணில் படும். அதனால் போக்குவரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. வார நாளில் ஒரு ஆட்டம் பார்க்க எங்கே போகலாம் என்பதுதான் கேள்வி.

ரிக்லி 1914இல் திறந்தது. கொடி படர்ந்த செங்கல் சுவரும், ஆள் உட்கார்ந்து எண் மாட்டும் ஸ்கோர்போர்டும் 1937இலிருந்து இருக்கின்றன. 1988 வரை விளக்குகளே கிடையாது, எல்லாம் பகலாட்டம்தான். அந்தப் பழக்கத்தில் இன்றும் வார நாள் மதியம் 1:20க்கு ஆட்டம் வைக்கிறார்கள். அதற்கும் கூட்டம் வருகிறது: அலுவலகத்துக்கு மட்டம் போட்டவர்கள், வெளியூர்க்காரர்கள், வெயிலும் பீரும் போதும் என்று வந்தவர்கள். டிக்கெட் விலையும் அதற்கேற்ப ஏறும். பழைய கட்டடம் என்பதால் சில இருக்கைகளுக்கு முன்னால் தூண் வேறு நிற்கும். வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பக்கம் கதையே வேறு. ரேட் ஃபீல்டு 1991இல் திறந்தது, சுமார் 40,000 பேர் உட்காரலாம். ஆனால் ஒயிட் சாக்ஸ் 2024இல் 121 ஆட்டங்கள் தோற்றது. 2025இலும் 102 தோல்வி. இந்த லட்சணத்தில் ஏப்ரல் குளிரில் செவ்வாய்க்கிழமை இரவு யார் வருவார்கள்? அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டாம். அது விற்ற டிக்கெட்டின் கணக்கு, வந்த தலைகளின் கணக்கு இல்லை.

எனக்கோ அந்தக் காலி இருக்கைகள்தான் பிடிக்கும். பந்து, மட்டைக்காரருக்குப் பின்னால் உட்காரும் கேட்சரின் கையுறையில் மோதும் ‘டப்’ சத்தம் இருபது வரிசை தள்ளியும் கேட்கும். நடுவர் ஸ்ட்ரைக் என்று கத்துவது கேட்கும். ரைட் ஃபீல்டரை வம்புக்கிழுக்கும் ஒற்றைக் குரல் மைதானம் முழுக்கப் போகும், அவர் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. கோட்டுக்கு வெளியே அடிபட்டுப் போகும் ஃபவுல் பந்து ஆளில்லாத வரிசையில் விழுந்து இருக்கைகளில் தடதடவென்று உருளும். இரண்டு பகுதி தள்ளியிருக்கும் சிறுவன் ஓடிவந்து எடுத்துக்கொள்வான். கிரிக்கெட்டில்தான் திருப்பித் தரவேண்டும், இங்கே எடுத்தவருக்கே சொந்தம். பேஸ்பால் புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. யாரும் மறைப்பதில்லை, ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டர்கள் எப்படி இடம் மாறுகிறார்கள் என்று பார்க்கலாம்.

சாப்பாட்டிலும் என் ஓட்டு சாக்ஸுக்கே. அங்கே கிடைக்கும் எலோட்டே என்ற மெக்சிகோ பாணி மக்காச்சோளம், வெண்ணெயும் சீஸும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் சேர்த்து, சைவக்காரர்களுக்கும் கைகொடுக்கும். வரிசையில் நின்று ஒரு இன்னிங்ஸைத் தவறவிடும் தொல்லையும் வார நாளில் குறைவு.

சாக்ஸ் பக்கம் குறை இல்லாமல் இல்லை. மைதானத்தைச் சுற்றிப் பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களும் நெடுஞ்சாலையும்தான். ஆட்டம் முடிந்ததும் நேராக ரயிலேறவேண்டியதுதான். ரிக்லியில் வாசலைத் தாண்டினாலே மதுக்கடைகள், உணவகங்கள். ஆட்டம் சொதப்பினாலும் பொழுது போய்விடும்.

புதன், வியாழன் பகலாட்டங்களில் இரண்டு இடத்திலும் ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலும் அது தொடரின் கடைசி ஆட்டம். முடிந்ததும் ஏதோ ஒரு அணி வேறு ஊருக்கு விமானம் ஏறும். முந்தின இரவு ஆடிய களைப்பும் சேர, நட்சத்திர வீரருக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இரவு ஆட்டத்துக்குப் போங்கள். 2023இல் ஒவ்வொரு பந்தையும் இத்தனை நொடிக்குள் வீசவேண்டும் என்று கெடு வைத்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது, மறுநாள் வேலைக்குப் போவதில் சிரமம் இருக்காது.

ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் ஒரே ஒருமுறை வருகிறது என்றால் யோசிக்காமல் ரிக்லிக்குக் கூட்டிப் போவேன், அதுவும் மே மாதத்துக்குப் பிறகு. ஏப்ரலில் அந்தக் கொடி காய்ந்த குச்சியாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் என்றால் 35ஆம் தெருதான். சாக்ஸ் மறுபடி ஜெயிக்கத் தொடங்கினால் இந்த மலிவு விலையும் இந்த இடவசதியும் போய்விடும், அதற்குள் போய்வந்துவிடுங்கள்.