மிதக்கும் வட்டிச் சேமிப்புப் பத்திரம்: வேலூர் ஓய்வூதியர்களுக்கு எந்த அளவு ஏற்றது?

சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பணி ஓய்வுத் தொகையைக் கையில் வைத்திருப்பவர்கள் ரிசர்வ் வங்கி மூலம் மத்திய அரசு வெளியிடும் இந்த மிதக்கும் வட்டிப் பத்திரத்தில் முதலில் பார்ப்பது 8.05% என்ற எண்ணைத்தான். 2023 ஜூலையில் வந்த வட்டி அது, நிலையானது அல்ல. தேசிய சேமிப்புச் சான்றிதழின் வட்டியோடு 0.35% கூட்டி, ஆண்டுக்கு இருமுறை மாற்றியமைப்பார்கள். ஆகவே சான்றிதழ் வட்டி இறங்கினால், ஏற்கெனவே வாங்கிய பத்திரத்துக்கும் இறங்கும்.

8.05 விகிதத்தில் 1 லட்சத்துக்கு அரையாண்டுக்கு 4,025 ரூபாய், ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வங்கிக் கணக்கில் ஏறும். சேர்த்து வைத்து முதிர்வில் வாங்கும் வசதி கிடையாது. வட்டி முழுக்க வரிக்குட்பட்டது: 20% வரி கட்டுபவருக்கு, வரியின் மேல் வரும் கூடுதல் வரியான செஸ்ஸையும் கழித்தால் நிற்பது சுமார் 6.38%. ஒப்பிட வேண்டியது இந்த எண்ணை.

பெரிய சிக்கல் 7 ஆண்டுப் பூட்டு. 60 வயதுக்காரர் 6 ஆண்டு கழித்துத்தான் முன்கூட்டி எடுக்கலாம். 70 தாண்டியவருக்கு 5, 80 தாண்டியவருக்கு 4. அப்போதும் கடைசி அரையாண்டு வட்டியில் பாதி போய்விடும். அடகு வைத்துக் கடனும் வாங்க முடியாது. மருத்துவச் செலவுக்கான பணத்தை இதில் போடவே கூடாது.

60 கடந்தவர்கள் முதலில் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்ச வரம்பை நிரப்பட்டும். அங்கே போடும் நாளின் வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. மிச்சத்துக்கு இந்தப் பத்திரம் நல்லது. குறைந்தது 1,000 ரூபாய், உச்சவரம்பு இல்லை.