பச்சைப் புள்ளியோடு மூன்று வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "தேடலில் மேலே வருவதற்கென்று ஒரு பிளகினுக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறீர்களே, நானும் வாங்கட்டுமா?" அதே வாரம் எனக்கும் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருந்தது. பிளகின் என்றால் தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்; இதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் தளம் நடத்துகிறவர்களுக்கு இந்த வகைப் பிளகின் என்னென்ன செய்யும் என்று தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது, கட்டுரை தன் விதிகளுக்குப் பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு என்று அது காட்டும் புள்ளியைப் பற்றித்தான்.

என் தளம் மாடித்தோட்டம் பற்றியது. கட்டுரை எழுதி முடித்ததும் முக்கியச் சொல் எது என்று பிளகின் கேட்கும். 'மாவுப்பூச்சி' என்று கொடுத்தேன். சிவப்புப் புள்ளி. முதல் பத்தியில் அந்தச் சொல்லே இல்லையாம். பத்தியில் 'மாவுப்பூச்சியை' இருக்கிறது, 'மாவுப்பூச்சிக்கு' இருக்கிறது, 'மாவுப்பூச்சியால்' இரண்டு முறை இருக்கிறது. தமிழில் ஒரு சொல் வேற்றுமை உருபு ஏறாமல் எத்தனை வரியில் நிற்கும்? இது அந்தப் பிளகினுக்குத் தெரியாது. உருபு ஏறினால் வேறு சொல் என்று எண்ணிக்கொள்கிறது.

முதல் வருடம் முழுக்க அதற்கு அடிபணிந்தேன். வரிக்கு வரி மொட்டையாக 'மாவுப்பூச்சி' என்று செருகிப் பச்சை வாங்கினேன். தளத்தைத் தொடர்ந்து படிக்கும் அக்கா ஒருவர், "என்ன தம்பி, இப்பவெல்லாம் நோட்டீஸ் மாதிரி எழுதுறீங்க?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூகுளுக்கு அந்தப் புள்ளியின் நிறம் தெரியவே தெரியாது. பக்கத்தின் தலைப்பகுதியில் முக்கியச் சொற்களை அடுக்கும் பழைய மெட்டா கீவேர்டையே தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2009லேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் யாரைத் திருப்திப்படுத்த என் தமிழைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்?

உண்மையில் வாசகரைக் கொண்டு வந்தது, நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும், கூகுளின் காசு கேட்காத சர்ச் கன்சோல். அதில் மக்கள் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்ற பட்டியலை முதன்முதலில் திறந்த காலை இன்னும் நினைவிருக்கிறது. 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி' என்று ஒரு வரி. என் கட்டுரையை நிறையப் பேருக்குக் காட்டியிருக்கிறது, கிளிக் செய்தவர் மிகக் குறைவு, சராசரி இடம் இரண்டாம் பக்கத்தில். தலைப்பில் நான் வைத்திருந்தது 'மாவுப்பூச்சி மேலாண்மை'. மொட்டில் பஞ்சு போல் ஒட்டியிருப்பதற்குப் பெயர் மாவுப்பூச்சி என்று தெரிந்தவர் எதற்குத் தேடப் போகிறார்? பெயர் தெரியாதவர்தானே தேடுகிறார்!

தலைப்பை 'செம்பருத்திச் செடியில் பஞ்சு போல் வெள்ளைப் பூச்சியா? அது மாவுப்பூச்சி' என்று மாற்றினேன். எறும்பு ஏன் கூடவே வருகிறது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு எப்படிக் கலப்பது என்பதை முதல் பத்திக்குக் கொண்டு வந்தேன். பிளகின் உடனே சிவப்பானது. இரண்டு மாதத்தில் கட்டுரை முதல் பக்கத்துக்கு வந்தது. இன்றைக்கும் என் தளத்துக்கு அதிகம் பேரை அழைத்து வருவது அந்தச் சிவப்புப் புள்ளிக் கட்டுரைதான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு விஷயத்தில் அந்தப் பிளகின் என்னைக் காப்பாற்றியது. வேர்ட்பிரஸில் கட்டுரையின் இணைய முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு 200 எழுத்திடம்தான். தமிழ் எழுத்தைக் குறியீடாக மாற்றும்போது மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஒன்பது இடம் எடுக்கும். 'மாவுப்பூச்சி' மட்டுமே 108 இடம். 'செம்பருத்தியில் மாவுப்பூச்சி' என்று வைத்தால் 'மாவுப்ப' என்ற இடத்தோடு முகவரி அறுந்துவிடும். இது தெரியாமல் ஏகப்பட்ட முகவரிகளை அப்படியே விட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பது முகவரிகளைச் சுருக்கி மாற்றினேன். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பத்தைப் பிளகினே ஒவ்வொன்றுக்கும் போட்டுவிட்டது. ஒரு வாசகர்கூட வெறும் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அந்த ஒரு நாள் வேலைக்கே மூன்று வருடப் பணமும் தகும்.

ஆனாலும் புதுப்பிக்கப் போவதில்லை. எழுதி முடித்து நிமிரும்போதெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்த்து இன்னொரு வருடம் மனம் சுருங்க என்னால் முடியாது. நாற்பது திருப்பங்களையும் கோப்பாக எடுத்து இலவசப் பிளகின் ஒன்றில் ஏற்றிவிட்டேன். தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குச் சொல்லும் தளவரைபடத்துக்கும் அது தேவையில்லை; 2020ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே தருகிறது. நண்பருக்கும் வேண்டாம் என்றுதான் பதில் போட்டேன். அப்புறம், சர்ச் கன்சோல் பட்டியலை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். 16 மாதத்துக்கு முந்தையதை அது காட்டாது. போன கோடைக்கு முந்தைய கோடையில் மக்கள் எந்தப் பூச்சியைத் தேடினார்கள் என்று பார்க்க எனக்கு இப்போது வழியில்லை.