படத்தை மறந்து கேட்டால்: ஹே ராமா, பொன்னியின் செல்வனா?

படத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பதென்றால், 2022இல் வந்த ரகுமானின் பொன்னியின் செல்வனை விட, 2000இல் வந்த இளையராஜாவின் ஹே ராம்தான் என் கட்சி. ஏற்கெனவே எடுத்து முடித்த பாடல் காட்சிகளின் வாயசைப்புக்குப் பொருத்தி மெட்டுப் போட்டவர் மனுசன், ஆனால் அஜய் சக்கரவர்த்தி பாடிய ‘இசையில் தொடங்குதம்மா’வை மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகிற பஸ்ஸில் ஹெட்செட் மாட்டிக் கேட்டுப் பாருங்கள், ஹம்சானந்தி ராகத்தில் அந்தக் குரல் மேலே ஏறும்போது கண்டக்டர் காசு கேட்பதே காதில் விழாது.

பொன்னியின் செல்வன் மோசமில்லை. ‘அலைகடல்’ கல்லடிக் கடற்கரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி, அந்தரா நந்தியின் குரலே போதும். ‘பொன்னி நதி’தான் இடிக்கிறது, வந்தியத்தேவனின் குதிரை கண்ணுக்குள் ஓடாவிட்டால் எனக்கு அது பாதிப் பாட்டு. சரி, பைக்கில் போகும்போது முணுமுணுக்க அதுதான் வருகிறது.