முட்டி வலிக்கு நீ ஸ்லீவ் (knee sleeve): 5 மில்லிமீட்டரும் 7 மில்லிமீட்டரும் போட்டுப் பார்த்த அனுபவம்

எடை மாட்டிய பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுகிற பார்பெல் ஸ்குவாட் போடும்போது முட்டி வலிக்கிறது என்று ஜிம்மில் யாரிடம் சொன்னாலும் ஸ்குவாட்டையே விட்டுவிடு என்பார்கள், இல்லாவிட்டால் முட்டிக்கு மாட்டுகிற உறையான ‘நீ ஸ்லீவ்’ வாங்கிப் போடு என்பார்கள். முதல் யோசனையில் எனக்கு உடன்பாடே இல்லை. இரண்டாவதைச் செய்து பார்த்தேன். நியோப்ரீன் என்ற ரப்பர் மாதிரியான துணியில் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஜோடி, 7 மில்லிமீட்டரில் ஒரு ஜோடி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் இத்தனை நாளாக ஸ்குவாட் போகிறது. வலியோடு இருக்கிறவர் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்த விமர்சனம்.

பலர் மூன்று பொருளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நீ ஸ்லீவ் என்பது இழுத்து மாட்டுகிற நியோப்ரீன் உறை, அவ்வளவுதான். நீ ராப் என்பது நீளமான பட்டை, முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, கீழே உட்கார்ந்து எழும்போது அது உண்மையிலேயே கொஞ்சம் எடையைத் தூக்கித் தரும். மூன்றாவது, பக்கவாட்டில் கம்பியோ கீலோ வைத்த பிரேஸ், அது மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லி வாங்குகிற சமாச்சாரம். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் கிளாசிக் பிரிவில் ஸ்லீவ் போடலாம், ராப் கட்டக் கூடாது. அந்த ஸ்லீவும் 7 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகவோ 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகவோ இருக்கக் கூடாது. 7 மில்லிமீட்டர் என்ற எண் கடைகளில் இத்தனை பிரபலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, போட்டால் எப்படி இருக்கிறது? முதலில் தெரிவது சூடு. வெறும் பாரோடு வார்ம்அப் முடிப்பதற்குள் முட்டியைச் சுற்றி வியர்த்துவிடும், முதல் சில ரெப்களில், அதாவது முதல் சில தடவை உட்கார்ந்து எழும்போது, இருந்த அந்த விறைப்பு காணாமல் போய்விடும். அடுத்தது அழுத்தம். முட்டியை நாலா பக்கமும் யாரோ உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிற மாதிரி ஓர் உணர்வு, அதனால் கீழே இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சரிகிறதா, கால்விரல் பார்க்கிற திசையில் போகிறதா என்று நன்றாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் பெரிய லாபம். வலி வந்த பிறகு முட்டியை நம்பாமல் பாதியிலேயே நின்றுவிடுகிற பயம் ஒன்று வருமே, அது ஸ்லீவ் போட்டால் குறைகிறது. பயம் இல்லாமல் நிதானமாக இறங்க முடிகிறது.

ஆனால் இதற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஸ்லீவ் போட்டதும் வலி குறைவாகத் தெரியும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் மீது விழுகிற சுமை மட்டும் அப்படியேதான் இருக்கும். முட்டி சரியாகிவிட்டது என்று நினைத்து அன்றைக்கே பிளேட்டைக் கூட்டினால், மறுநாள் காலை படியிறங்கும்போது கணக்கு வந்து நிற்கும். ஸ்லீவ் எதையும் குணப்படுத்தாது, குணமாகும் வரை பழகிக்கொண்டிருக்க உதவும், இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றமே இருக்காது.

உண்மையில் என் வலியைக் குறைத்தது எடையைக் குறைத்ததும் வேகத்தைக் குறைத்ததும்தான். வலி எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பதில் இருந்து தொடங்க வேண்டும். முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு முடிகிற இடத்தில், ஒரு விரல் நுனியை வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குக் குறிப்பான வலி என்றால் பெரும்பாலும் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் எரிச்சலாக இருக்கும். எனக்கு இருந்தது இதுதான். சில்லைச் சுற்றியோ பின்னாலோ பரவலாக வலித்து, ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலும் படி ஏறி இறங்கினாலும் அதிகமானால் அது வேறு வகை. இரண்டுக்குமே முழு ஓய்வைவிட, தாங்கக்கூடிய அளவுக்குச் சுமையைக் குறைத்துத் தொடர்வதுதான் பொதுவாக நல்லது. முட்டி வீங்குகிறது, மடங்கிய நிலையில் மாட்டிக்கொள்கிறது, நடக்கும்போது திடீரென்று நழுவுகிறது என்றால் ஸ்லீவைப் பற்றிய பேச்சே வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் பிசியோதெரபிஸ்ட்டுகள் வழக்கமாகச் சொல்வதுதான். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது, மூன்று வரை இருந்தால் தொடரலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைக்குப் போட்ட எடையோ செட்டோ அதிகம் என்று அர்த்தம். எடையைக் கணிசமாக இறக்கி, மூன்று நான்கு விநாடி எண்ணிக்கொண்டே கீழே போய், அடியில் ஒரு கணம் நின்று எழுந்தால், குறைந்த எடையிலேயே தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது, அடியில் துள்ளி எழும்போது தசைநாண் மீது விழுகிற அடியும் இல்லை. ஸ்குவாட்டுக்கு முன்னால் ஓரளவு கடினமாக, 45 விநாடி அசையாமல் பிடிக்கிற பயிற்சி, உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்குகிற லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் பாதியில் நிறுத்திப் பிடிப்பது மாதிரி, ஐந்து முறை செய்தால் சிலருக்குத் தசைநாண் வலி உடனே தணியும். எனக்குத் தணிந்தது, எல்லோருக்கும் தணியும் என்று சொல்ல மாட்டேன்.

முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்ற அறிவுரையும் எப்படியும் உங்கள் காதுக்கு வரும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் முட்டிக்கு முன்னால் பலகையை வைத்துத் தடுத்து ஸ்குவாட் போடச் சொல்லி அளந்தார்கள். முட்டியில் விழுந்த முறுக்குவிசை சராசரியாக 150 நியூட்டன் மீட்டரில் இருந்து 117க்குக் குறைந்தது. ஆனால் இடுப்பில் அது 28இல் இருந்து 300ஐத் தாண்டிவிட்டது. அதாவது சுமை எங்கேயும் போகவில்லை, இடம் மாறியது. ஆகவே வலி கடுமையாக இருக்கும் நாட்களில் பாரை முதுகில் கொஞ்சம் இறக்கி வைத்து இடுப்பைப் பின்னால் தள்ளிப் போடும் லோ பார் ஸ்குவாட்டோ, பின்னால் வைத்த பெட்டியில் உட்கார்ந்து எழும் பாக்ஸ் ஸ்குவாட்டோ போடுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதையே காலத்துக்கும் சட்டமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. குதிகால் உயர்ந்த லிஃப்டிங் ஷூவுக்கும் இதே கணக்குத்தான். கணுக்கால் மடங்காதவருக்கு அது வரம், ஆனால் அது முட்டியை இன்னும் முன்னால் அனுப்பும் என்பதால் முட்டி வலிக்கு மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள்.

மறுபடி ஸ்லீவுக்கு வருகிறேன், ஏனென்றால் வாங்கும்போது பெரும்பாலானோர் சறுக்குவது அளவில். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் அளக்கச் சொல்கிறது, ஒன்று முட்டியின் நடுவில், இன்னொன்று கெண்டைக்காலில், வேறொன்று முட்டிக்கு மேலே தொடையிலும் சேர்த்து. அந்தந்தக் கம்பெனியின் அட்டவணைப்படி டேப் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும், டீஷர்ட் சைஸை வைத்து ஊகிப்பது வேலைக்கு ஆகாது. போட்டிக்குப் போகிறவர்கள் இன்னும் ஒரு சைஸ் சின்னதாக வாங்கி இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டுவார்கள், அப்படி இறுக்கினால் அடியில் இருந்து எழ ஒரு சிறிய உந்துதல் கிடைக்கும். வலிக்காகப் போடுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். ஸ்லீவ் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடக்க முடிய வேண்டும், கால் மரத்துப் போகக் கூடாது, கெண்டைக்காலில் தோல் நிறம் மாறக் கூடாது.

இரண்டில் எது? எனக்கு 5 மில்லிமீட்டர்தான். 7 மில்லிமீட்டர் தடிமனானது, மடக்கும்போது முட்டிக்குப் பின்னால் மடிப்பு திரண்டு நிற்கும், தையல் அங்கே வந்தால் தோலை அறுக்கும். ஆழமாக உட்காரும்போது அந்த மடிப்பு அழுத்துவது சில்லு வலியைவிட எரிச்சலாக இருந்தது. கனமான செட் போடும் நாளில் அதன் பிடிமானம் அருமை, அதை மறுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் கணுக்கால் வரை உருட்டி இறக்க வேண்டியிருக்கிறது. 5 மில்லிமீட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்து இறங்குகிற லஞ்ச் (lunge), மேடையில் ஏறி இறங்குகிற ஸ்டெப் அப் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கழற்றுகிறேன். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள், தட்டையாக, நூல் துருத்தாமல் இருக்க வேண்டும். மாட்டுவதற்கு எளிய வழி, பாதியை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு முட்டிக்குக் கீழ் வரை ஏற்றிவிட்டு, மீதியை மேலே புரட்டிவிடுவது. வியர்த்த காலில் ஏற்ற முடியாது, முதலிலேயே மாட்டிவிடுங்கள்.

நாற்றம் உண்டு, ரொம்பவே உண்டு. ஜிம் பையில் அப்படியே சுருட்டிப் போட்டால் இரண்டே நாளில் பக்கத்தில் போக முடியாது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் திருப்பிப் போட்டுக் காயவிட வேண்டும். வெந்நீரும் டிரையரும் நியோப்ரீனின் இறுக்கத்தைக் கெடுத்துவிடும், தளர்ந்துபோன ஸ்லீவ் செட்டின் நடுவில் வழுக்கி இறங்கும். 7 மில்லிமீட்டர் முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறது, அடுத்தடுத்த நாள் கால் பயிற்சி செய்கிறவராக இருந்தால் அதையும் யோசித்து வாங்குங்கள்.