சிம் மாற்ற விரல் வைத்தேன், 9,500 ரூபாய் போய்விட்டது

எரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிம் மாற்றப் போன இடத்தில் என் கணக்கிலிருந்து 9,500 ரூபாயை உருவிவிட்டார்கள். ஓடிபி சொல்லவில்லை, கார்டு கொடுக்கவில்லை, எந்த லிங்கையும் தொடவில்லை.

கடைப் பெயர் வேண்டாம். சிம், ரீசார்ஜ், ஆதார் வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பது என எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற சின்னக் கடை. பையன் அவ்வளவு மரியாதை! "உட்காருங்க அக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஆதார் எண்ணை அடித்துவிட்டு விரல் வைக்கச் சொன்னான். "ரேகை சரியா விழல அக்கா, வீட்டு வேலை செய்யற கைக்கு இப்படித்தான்" என்று சிரித்தபடி, கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னான். "எந்த பேங்க்ல கணக்கு வெச்சிருக்கீங்க?" என்று பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி. திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது. முதல் ரேகை சிம்முக்கு, அடுத்தது என் பணத்துக்கு. ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை மூன்றும் இருந்தால் போதும், பணத்தை எடுத்துவிடலாம். சிம் மாறும் நேரத்தில் குறுஞ்செய்தியும் வராது, அவனுக்கு வசதி.

கேட்டால் "சர்வர் பிரச்சினை, தானா திரும்பிடும்" என்றார் முதலாளி. அப்புறம் பையன் லீவாம். வங்கியிலோ, "உங்க ரேகைதானே மேடம் விழுந்திருக்கு?" என்று என்னையே குற்றவாளி ஆக்கினார்கள். 9,500 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை.

சட்டமெல்லாம் ஏட்டில் பிரமாதம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஒரு காரியத்துக்கு வாங்கிய ஆதார் விவரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2016 ஆதார் சட்டம். மீறினால் சிறை. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என 2017-இல் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. கவுன்டரில் அதைச் சொன்னால், "மேலிடத்துல கேளுங்க" என்று டோக்கனைத் திருப்பித் தருகிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை (விரல் ரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். இரண்டாம் முறை விரல் கேட்டால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். வங்கியில் மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.